19 டொலர்க் கண்ணாடி: மலிவான ஸ்கோப் ஒன்றின் நீண்ட கதை

பப்ஜி விளையாடின ஆக்களுக்கு ஸ்கோப் பற்றி ஒன்றும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ரெட் டொட் கிட்டச் சண்டைக்கு, 4 எக்ஸ் நடுத்தூரத்துக்கு, 8 எக்ஸ் மலையுச்சியில் படுத்துக்கொண்டு சுடுகிறதுக்கு. 6 எக்ஸ் கிடைத்தால் அதை 3க்கு இறக்கியும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்திருக்கும். விளையாட்டில் அது விரலால் ஒரு இழுப்பு. அந்த இழுப்பை உண்மையான கண்ணாடியிலும் இரும்பிலும் செய்து, அதையும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்தது, அதற்குள் எத்தனை யுத்தங்கள் வந்துபோயின என்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்று அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பவர்கள் அதிகம் விவாதிக்கிற சாமான்களில் ஒன்று ‘எல்.பி.வி.ஓ’ என்கிற ஸ்கோப் வகை. குறைந்த பெருக்கம் கொண்ட, பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப் என்று அர்த்தம். 1 மடங்கில் தொடங்கி 4, 6 அல்லது 8 மடங்கு வரை போகும். 1இல் வைத்தால் இரண்டு கண்ணும் திறந்தபடி சும்மா பார்க்கிற மாதிரி; வளையத்தைத் திருப்பினால் முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கிறது மனிதனா மரமா என்று தெரியும். ‘காசு குறைவு, எதை வாங்கலாம்?’ என்பதுதான் அங்கே ஓயாமல் கேட்கப்படுகிற கேள்வி. எங்கட நாட்டில் இது வாங்குகிற விசயமே இல்லை. பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கிற கமக்காரருக்கும் ஸ்கோப் ஒரு கவலை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதற்குள் ஓரிடத்தில் எங்கட ஆக்களின் வியர்வையும் வருகிறது.

முதலில் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒரு வில்லை. இரண்டை மட்டும் வைத்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்துவதற்கு நடுவில் இன்னொரு வில்லைத் தொகுதி வேண்டும். பெருக்கத்தை மாற்றும் ஸ்கோப்பில் இந்த நடுத்தொகுதிதான் முன்னும் பின்னும் நகர்கிறது. வெளியே வளையத்தைத் திருப்பும்போது உள்ளே குழாயில் வெட்டியிருக்கிற வளைந்த தவாளிப்பு வழியே வில்லைகள் வழுக்கிப்போகும. அந்தத் தவாளிப்பு ஒரு மயிரளவு பிசகினாலும் பெருக்கம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் குறி இடம் மாறும். நிலையான பெருக்கம் கொண்ட ஸ்கோப்பை ஓரளவு மலிவாகச் செய்யலாம். மாறுகிறதை மலிவாகச் செய்வது கடினம். முழுக் கதையும் இந்த ஒரு சங்கடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

துவக்கின் மேல் தொலைநோக்கி பூட்டுகிற எண்ணம் பழையது. 1860களின் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்திலேயே தெற்குப் பக்கத்துக் குறிகாரர்கள் இங்கிலாந்தின் விற்வேத் றைபிளோடு டேவிட்சன் ஸ்கோப்பைப் பாவித்திருக்கிறார்கள். ஆனால் அது கைவினைச் சாமான், விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஸ்கோப் ஒரு தொழிற்சாலைப் பொருளாக மாறியது ஜேர்மனியில். 1884இல் யேனா நகரத்தில் ஒட்டோ ஷொட், ஏர்ன்ஸ்ட் அபே, கார்ல் சைஸ் ஆகியோர் சேர்ந்து கண்ணாடி ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார்கள். வில்லைக்கான கண்ணாடி அதுவரை அனுபவத்திலும் அதிர்ஷ்டத்திலும் உருக்கப்பட்ட ஒன்று. அவர்கள் அதை இரசாயனமாக்கினார்கள். அடுத்த முப்பது வருடத்தில் உலகத்தின் நல்ல கண்ணாடிக்கு யேனாவைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். காட்டுப்பன்றியும் மானும் சுடுகிற ஜேர்மன், ஒஸ்ரிய வேட்டைக்காரரின் துவக்குகளில் ஸ்கோப் சாதாரணமாகிவிட்டது.

பிறகு 1914 வந்தது.

மேற்கு முனையில் பதுங்குகுழிகள் உறைந்து நின்றபோது, ஜேர்மன் பக்கம் குறிகாரர்கள் ஸ்கோப்போடு காத்திருந்தார்கள். வேட்டைக்காரரிடமிருந்து சேர்த்த துவக்குகளே அவர்களுக்கு ஆரம்பத்தில் போதுமாயிருந்தன. மறுபக்கம் பிரித்தானியாவுக்கு வெட்கக்கேடான நிலை. அந்த நாட்டுக்குத் தேவையான ஒளியியல் கண்ணாடியில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது தானே செய்துகொண்டிருந்தது; அதைச் செய்ததும் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்திலிருந்த சான்ஸ் பிரதேர்ஸ் என்கிற ஒரேயொரு நிறுவனம். பெரும்பங்கு ஜேர்மனியிலிருந்து வந்தது, மிச்சம் பிரான்சிலிருந்து. உலகத்தின் கால்வாசியை ஆண்ட சாம்ராச்சியத்துக்குத் தன் சிப்பாய்க்குக் கொடுக்க ஒரு பைனாகுலர் இல்லை! பொதுமக்களிடம் பைனாகுலர் கடன் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். ஹெஸ்கெத் பிறிச்சார்ட் என்கிற வேட்டைக்காரர் தன் செலவிலும் நண்பர்களின் செலவிலும் ஸ்கோப் பூட்டிய துவக்குகளைச் சேர்த்துக்கொண்டுபோய்ப் படையினரைப் பயிற்றினார். அவர் பிறகு எழுதிய நூலில், கிடைத்த ஸ்கோப்புகளைப் பாவிக்கத் தெரியாமல் சிப்பாய்கள் பட்ட பாட்டை விபரமாகச் சொல்கிறார். இராணுவம் வாங்கிய ஸ்கோப்புகளில் பலவற்றைத் துவக்கின் நேர்மேலே பூட்டாமல் இடதுபக்கம் தள்ளிப் பூட்டினார்கள். ரவைகளை மேலிருந்து கொத்தாக ஏற்ற வழி வேண்டுமாம். கன்னம் துவக்கின் கட்டையில் படியாது. தலையைத் தூக்கி ஒருபக்கம் சரித்துத்தான் பார்க்கவேண்டும். தலையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று பதுங்குகுழி கண்ட எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

1915இல் நடந்தது இதைவிட விசித்திரம். பிரித்தானியாவின் யுத்தத் தளபாட அமைச்சு, சுவிற்சர்லாந்து வழியாக எதிரியிடமே ஆள் அனுப்பியது, பைனாகுலரும் ஸ்கோப்பும் விலைக்குத் தருவீர்களா என்று கேட்க. ஜேர்மனி மறுக்கவில்லை. கடல் முற்றுகையால் அதற்கு இறப்பர் இல்லை. கண்ணாடிக்குப் பதிலாக இறப்பர் கேட்டது. இந்தப் பேச்சு நடந்ததை அமைச்சின் உத்தியோகபூர்வ வரலாறே பதிந்திருக்கிறது. சாமான் எவ்வளவு கைமாறியது என்பதில் வரலாற்றாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் பேச்சு எழுந்ததே போதும், இரண்டு பக்கமும் எதை வைத்துப் பேரம் பேசின என்று பார்க்க. பிரித்தானியாவின் கையிலிருந்த இறப்பர் எங்கேயிருந்து வந்தது? மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். மலாயாத் தோட்டங்களில் விடியமுன் எழும்பிப் பால் வெட்டினவர்களில் பெரும்பகுதி கங்காணிகள் கூட்டிக்கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள். ஸ்கோப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யேனாவின் உலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தராசின் மற்றத் தட்டில் இருந்ததைப் பற்றி ஒரு வரி எழுதியவர்களைக் காண்பது அரிது.

சரி, மலிவுக்கு வருவோம்.

1930இல் அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சிக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரம் வில்லியம் வீவர் என்கிற இருபத்தைந்து வயதுப் பெடியன் கென்ரக்கியில் ஒரு சின்னக் கம்பனி தொடங்கினான். மூன்று வருடத்தில் அதை ரெக்சாஸின் எல் பாசோவுக்கு மாற்றினான். ஸ்கோப் என்றால் ஐரோப்பாவிலிருந்து வருகிற பணக்காரச் சாமான் என்று இருந்த காலம் அது. வீவர் செய்த ‘330’ என்கிற ஸ்கோப் முக்கால் அங்குல மெல்லிய இரும்புக் குழாய். பெருக்கம் மூன்று மடங்குக்கும் குறைவு. பூட்டுகிற பிடியோடு சேர்த்து 19 டொலர்.

இந்த இலக்கத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால் அன்றைய 19 டொலர் இன்றைக்கு ஏறக்குறைய 400 டொலர். இன்று ‘கட்டுப்படியான எல்.பி.வி.ஓ எது?’ என்று கேட்கிறவர்கள் பேசுகிற விலையும் கிட்டத்தட்ட அதுதான், முந்நூறுக்கும் நானூறுக்கும் இடையில். தொண்ணூறு வருடத்தில் கண்ணாடி மாறிவிட்டது, சாதாரண ஆளின் பொக்கற் மாறவில்லை.

வீவர் எதை விட்டுக்கொடுத்து இந்த விலைக்கு வந்தார் என்பதுதான் கெட்டித்தனம். பெருக்கத்தைக் கூட்டவில்லை. மெல்லிய குழாயால் அந்தியில் வெளிச்சம் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டார். கண்ணுக்கும் ஸ்கோப்புக்குமான இடைவெளியும், குறி நகராமல் நிற்பதும் சரியாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மலிவான சாமான் செய்கிறவன் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்வான்; நல்ல மலிவுச் சாமான் செய்கிறவன் சிலதை முழுதாக விட்டுவிடுவான்.

ஆனால் அது மான் வேட்டைக்குச் செய்த சாமான். 1943இல் அமெரிக்க இராணுவத்துக்கு அவசரமாக சினைப்பர் துவக்கு தேவைப்பட்டபோது, கையில் கிடைத்தது அதே வீவர்தான். கடையில் விற்ற ஸ்கோப்புக்கு எம் 73 பி 1 என்று இராணுவப் பெயர் வைத்து, பழைய ஸ்பிறிங்ஃபீல்ட் றைபிளில் பூட்டினார்கள். றெமிங்ரன் நிறுவனம் சுமார் 28,000 துவக்குகள் செய்தது. இதில் ஒரு முடிவு வாசிக்கும்போதே வயிற்றைக் கலக்கும்: ஸ்கோப் இருக்கிறதே என்று துவக்கின் வழக்கமான இரும்புக் குறியைப் பூட்டாமலே விட்டார்கள். வீவரின் குழாய் நீர் புகாத குழாய் அல்ல. மழையில் உள்ளே புகார் படியும். புகார் படிந்த ஸ்கோப்பும் இரும்புக் குறி இல்லாத துவக்கும் கையில் இருந்தால் அந்தச் சிப்பாய் குருடன்தான். ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் ஒரு மான் தப்பினால் யாருக்கும் நட்டமில்லை. அதே குறைபாடு முனையில் வேறு விலை கேட்கும். இதில் வீவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. 19 டொலர்ச் சாமானிடம் அது வாக்குக் கொடுக்காத வேலையைக் கேட்டவர்கள் வேறு ஆக்கள்.

அதே நேரம் சோவியத் பக்கம் இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருந்தது. அவர்களின் ‘பியூ’ ஸ்கோப் குட்டையானது, நிலையான 3.5 மடங்கு, முன்வில்லை 21 மில்லிமீற்றர். முன்வில்லையின் அகலத்தைப் பெருக்கத்தால் பிரித்தால் கண்ணுக்கு வந்து சேருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கே 6 மில்லிமீற்றர். இருட்டில் இளம் வயதுக் கண்ணின் மணி விரிகிற அளவுக்குக் கிட்ட இது. முதலிலேயே மலிவாக, பெருந்தொகையாக, யுத்தத்துக்கென்றே யோசித்துச் செய்யப்பட்டது. ஜேர்மனியரோ அற்புதமான கண்ணாடி கையில் இருந்தும் ‘ஸெட்.எஃப் 41’ என்று ஒன்றைச் செய்து சொதப்பினார்கள். பெருக்கம் வெறும் ஒன்றரை மடங்கு. கண்ணிலிருந்து தூரத்தில், துவக்கின் நடுவில் பூட்டுவது. எல்லாச் சிப்பாய்க்கும் கொஞ்சம் கூர்மையான பார்வை கொடுப்போம் என்கிற எண்ணம் உண்மையில் இன்றைய எல்.பி.வி.ஓ எண்ணம்தான். ஆனால் குழாய்க்குள்ளால் எட்டிப்பார்க்கிற மாதிரி ஒடுங்கிய காட்சி. ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தும் சிப்பாய்களுக்கு அது பிடிக்கவேயில்லை. பின்லாந்தின் சிமோ ஹைஹா ஸ்கோப்பே வேண்டாமென்று இரும்புக் குறியோடு 1939-40 குளிர்கால யுத்தத்தைக் கடந்தவர் என்பதையும் இங்கே சொல்லலாம். தலையைத் தாழ்த்தி வைக்கலாம், கண்ணாடி பளிச்சிடாது என்பது அவர் கணக்கு.

யுத்தத்துக்குப் பிறகு புகார்ப் பிரச்சினையை முடித்தது ஒரு மான். ஓரிகனில் நில அளவைக் கருவிகள் செய்துகொண்டிருந்த குடும்பத்து மார்க்கஸ் லூப்போல்ட் வேட்டைக்குப் போனபோது, ஸ்கோப்புக்குள் புகார் படிந்து மான் தப்பிவிட்டது. அவர் 1947இல் குழாய்க்குள் நைதரசனை நிரப்பி அடைத்து ஸ்கோப் செய்யத் தொடங்கினார். ஈரக் காற்று இல்லையென்றால் புகாரும் இல்லை. வில்லைகளுக்கு மேல் மெல்லிய படலம் பூசி ஒளி தெறித்து வீணாவதைக் குறைக்கும் முறையை 1935இலேயே சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்திருந்தார். அதுவும் மெல்ல மெல்ல வேட்டைக்காரரின் சாமானுக்கு இறங்கி வந்தது. பெருக்கத்தை மாற்றுகிற ஸ்கோப் நம்பத்தக்கதானது இந்த இரண்டுக்கும் பிறகுதான். 1966இல் அமெரிக்க மரீன் படை வியற்நாமுக்கு எடுத்துப்போன எம் 40 துவக்கில் றெட்ஃபீல்ட் நிறுவனத்தின் 3 முதல் 9 மடங்கு ஸ்கோப் இருந்தது. அதுவும் வேட்டைக்கடைச் சாமான்.

அப்போதும் 1 மடங்கில் தொடங்குகிற ஸ்கோப் இராணுவத்தின் தலைக்குள் வரவில்லை. அது இருந்தது ஐரோப்பாவின் பன்றி வேட்டையில். நாய்களும் ஆட்களும் கலைத்துவிட, புதரிலிருந்து பாய்கிற பன்றியை ஓரிரு செக்கனுக்குள் சுடவேண்டும். அதற்குப் பெருக்கம் தடை. காட்சி அகலமாக வேண்டும். ஆபிரிக்காவில் எருமையும் யானையும் சுடப்போன பணக்காரரும் அதே வகையைத்தான் விரும்பினார்கள். இராணுவங்களோ இரண்டு கன்னைகளாகப் பிரிந்து நின்றன. ஒரு பக்கம் 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ற் கொண்டுவந்த சிவப்புப் புள்ளி, பெருக்கமே கிடையாது. மறுபக்கம் அமெரிக்காவின் ஏகொக், நிலையான 4 மடங்கு. அறைக்குள் ஒன்று நல்லது, வெட்டையில் மற்றது நல்லது. 1990களின் கடைசியில் அமெரிக்கச் சிறப்புப் படைக்காரர் ஜேர்மனியின் ஷ்மிட் அன்ட் பெண்டரிடம் இரண்டையும் ஒன்றில் கேட்டபோது பிறந்ததுதான் ‘ஷோர்ட் டொட்’: 1.1 முதல் 4 மடங்கு, நடுவில் பகலிலும் தெரிகிற சிவப்புப் புள்ளி. பன்றி வேட்டைக் கண்ணாடிக்கு மின்கலம் போட்ட மாதிரி. விலை இரண்டாயிரம் டொலருக்கு மேல்.

அங்கிருந்து கீழே இறங்கிய வேகம் வீவர் காலத்தைவிடக் கூட. போட்டிச் சூடு விளையாடுகிறவர்கள் கேட்டார்கள். ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனத் தொழிற்சாலைகள் செய்தன. வோர்டெக்ஸ், பிறைமரி ஆம்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. 1-4 போய் 1-6, பிறகு 1-8, 1-10. இங்கேதான் வாங்குகிறவர் ஏமாறுகிற இடம். 24 மில்லிமீற்றர் முன்வில்லை 4 மடங்கில் 6 மில்லிமீற்றர் ஒளிக்கற்றை தரும், 6 மடங்கில் 4, 8 மடங்கில் வெறும் 3. கற்றை ஒடுங்க ஒடுங்கக் கண்ணை ஊசிக்கு நூல் கோர்க்கிற மாதிரி வைக்கவேண்டும். பெட்டியில் பெரிய இலக்கம் போடுவது சுலபம், அதற்கேற்ற வில்லை போடுவது செலவு. அதனால் 300 டொலருக்கு 1-8 என்று கண்டால் சந்தேகப்படலாம். அதே காசுக்கு 1-4 அல்லது 1-6 நேர்மையான சாமானாக இருக்க வாய்ப்புக் கூட. குறிக்கோடு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதும் அப்படித்தான். முன்தளத்தில் வைத்தால் பெருக்கத்தோடு சேர்ந்து கோடும் பெருக்கும், அளவுகள் எப்போதும் சரி. ஆனால் 1 மடங்கில் சிலந்திநூல் மாதிரி மெலிந்துவிடும், பகலில் எரியக்கூடிய நல்ல விளக்கு இல்லாவிட்டால் வீண். அந்த விளக்குத்தான் மலிவுச் சாமானில் முதலில் வெட்டப்படுவது. பின்தளத்தில் வைத்தால் கோடு மாறாது. தூரத்துக்கான அளவுகள் ஒரு பெருக்கத்தில் மட்டும் பொருந்தும். குறைந்த விலைக்குப் பின்தளம்தான் புத்தி என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, பெட்டியில் 1 என்று இருந்தாலும் பார்க்கும்போது எல்லாம் 1 இல்லை. கதவு நிலை ஒன்றைப் பார்த்தால் கோடு கொஞ்சம் வளைந்தோ பெருத்தோ தெரியும். இரண்டு கண்ணும் திறந்து பார்க்கையில் தலை சுற்றுவது அதனால்தான்.

2020இல் அமெரிக்க மரீன் படை 1 முதல் 8 மடங்கு ஸ்கோப்பைத் தன் காலாட்படைப் பிரிவுகளுக்கான பொதுக் கருவியாகத் தெரிவுசெய்தது. 2022இல் தரைப்படை, தூரத்தை லேசரால் அளந்து குறியைத் தானே கணித்துக் காட்டுகிற 1-8 ஸ்கோப்புக்கு ஒப்பந்தம் போட்டது, பத்து வருடத்தில் இரண்டரை இலட்சம் வரை. செய்யப்போவது அதே வோர்டெக்ஸ். வேட்டைக்கடையிலிருந்து இராணுவத்துக்குப் போகிற வீவர் காலத்து வழி இன்னும் அடைபடவில்லை.

இராணுவங்கள் இதற்குச் சொல்கிற நியாயம் தூரத்தில் சுடுவது மட்டுமல்ல. எதிரே நிற்பவர் கையில் இருப்பது துவக்கா மண்வெட்டியா என்று சுடமுன் தெரியவேண்டும் என்பதும் ஒன்று. சிவப்புப் புள்ளியால் அது ஏலாது. 6 மடங்கால் ஏலும். நியாயமான பேச்சுத்தான். ஆனால் மண்வெட்டியோடு வயலில் நிற்கிற ஆள் அந்த நேரம் ஒரு துவக்கின் குறிக்கோட்டுக்குள் நிற்கிறார் என்பதையும் அதே வசனம் சொல்லிவிடுகிறது. பார்க்கிறதுக்கும் குறிவைக்கிறதுக்கும் இங்கே தனித்தனிக் கருவி இல்லை. காவலரண்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன தலைமுறையின் பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஸ்கோப் சரித்திரங்கள் எல்லாம் பின்வில்லைப் பக்கம் இருந்தே எழுதப்பட்டவை. முன்வில்லைப் பக்கம் நின்றவர்கள் எழுதியது ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

வீவர் 1968இல் கம்பனியை ஒலின் நிறுவனத்துக்கு விற்றார், 1975இல் இறந்தார். எல் பாசோத் தொழிற்சாலை பிறகு மூடப்பட்டது. இன்று அவருடைய ஸ்கோப் பழஞ்சாமான் சேர்ப்பவர்களிடம்தான். மிஞ்சியது ஸ்கோப்பைப் பூட்டுவதற்கு அவர் செய்த மலிவான தட்டையான தண்டவாளம். அதன் பள்ளங்களை ஒரே அளவு இடைவெளிக்கு ஒழுங்குபடுத்தி 1995இல் அமெரிக்க இராணுவம் பிக்கட்டினி என்ற பெயரில் தரமாக்கியது. படங்களில் காண்கிற இன்றைய துவக்குகளின் முதுகில் பல்லுப் பல்லாக இருப்பது அதுதான். பள்ளம் வீவருடையதைவிட ஒரு துளி அகலம். அதனால் பழைய வீவர்ப் பிடி பிக்கட்டினியில் ஏறும். பிக்கட்டினிப் பிடி வீவர் தண்டவாளத்தில் எப்போதும் ஏறும் என்றில்லை.